கையில் இல்லாத துவக்கு: லீவர் ரைபிள்களைப் பயில ஒரு வழிகாட்டி

கொழும்பில் இருந்துகொண்டு, அடியிலுள்ள கைவளையத்தை அசைத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைபிளைச் சேகரிக்க முடியுமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நடைமுறையில் துவக்கைச் சேகரிக்க முடியாது, அதைப் பற்றிய அறிவைத் தாராளமாகச் சேகரிக்கலாம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் ஒரு துவக்கை வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அனுமதிப்பத்திரம் தேவை. பயிர்க் காவலும் உயிர்ப் பாதுகாப்புமே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவை; நூற்றைம்பது வருடப் பழைமையான ஓர் அமெரிக்கப் பொறியின் அழகை அந்த விண்ணப்பத்தில் எழுதி எவரும் வெற்றி பெற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. பொழுதுபோக்கு வேட்டைக்கும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இன்று இங்கே இடமில்லை. எனவே இந்த வழிகாட்டி, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்தபடி இத்துவக்குகளைப் படித்தறியவும், கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள உறவினர் ஒருவரின் வீட்டில் அவற்றில் ஒன்றைக் கையில் எடுக்க வாய்த்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் விரும்புபவர்களுக்கானது.

போர்க்காலத்தை இந்நகரில் கழித்த ஒரு தமிழன் துவக்கைப் பற்றி விருப்பத்தோடு எழுதுவது சிலருக்கு விந்தையாகப் படலாம். காலி வீதியில் சோதனைச் சாவடிகள் இருந்த நாட்களில், மைத்துனர் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த வேட்டைச் சஞ்சிகை ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறுவதற்கு நான் துணியவில்லை. அது இரண்டு ஆண்டுகள் அலுமாரியின் அடித்தட்டிலேயே கிடந்தது. ஊரில் அம்மப்பா வைத்திருந்தது வயற்காவலுக்கான ஒற்றைக்குழல் சொட்கன். வன்னிப் பக்கத்தில் நான் கண்டவை குழல் வாய் வழியாக மருந்தை இடித்து ஏற்றும் இடியன் துவக்கும், கம்பியில் கால் பட்டதும் வெடிக்கும் கட்டுத்துவக்கின் கதைகளும்தான். இவற்றில் எதிலும் இல்லாத ஒன்று லீவர் ரைபிளில் இருப்பதை நான் மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன். அதன் வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி, கையின் ஓர் அசைவில் நடக்கிறது. ஒரு தலைமுறையின் பிழையை அடுத்த தலைமுறை எவ்விடத்தில் திருத்தியது என்பதை இரும்பிலேயே விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

முதலில் பொறியை விளங்கிக்கொள்ளுங்கள்

விசையைச் சுற்றியுள்ள வளையமும் அதன் பின்னால் நீளும் கைவளையமும் சேர்ந்ததே லீவர். அதை முன்னோக்கிக் கீழே தள்ளும்போது பூட்டு விடுபடுகிறது. குழலின் பின்வாயை மூடும் இரும்புத் தண்டான போல்ட் பின்னால் வந்து வெற்றுக் கோதை இழுத்து வெளியே வீசுகிறது. அப்படி வரும்போதே, தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் சுத்தியல் போன்ற பாகமான குதிரையையும் பின்னால் சாய்த்து நிறுத்திவிடுகிறது. குழலுக்கு அடியில் படுத்திருக்கும் குழாய் மகசினிலிருந்து ஒரு தோட்டா பின்னால் வந்து தூக்கியின்மேல் ஏறுகிறது. லீவரைத் திரும்ப இழுத்ததும் போல்ட் அந்தத் தோட்டாவைக் குழலுக்குள் செலுத்திப் பூட்டிக்கொள்கிறது. துவக்கைத் தோளிலிருந்து எடுக்காமலே இவ்வளவும் முடிந்துவிடும். இடக்கைக்காரருக்கும் வலக்கைக்காரருக்கும் இது ஏறத்தாழ ஒன்றுபோலவே பணிசெய்வது கூடுதல் வசதி.

தோட்டா வெடிக்கும் கணத்தில் போல்ட்டைப் பின்னால் பறக்கவிடாமல் எது தாங்குகிறது என்ற கேள்வியை ஒவ்வொரு மாதிரியிடமும் கேளுங்கள். வரலாறு தானாகவே வரிசைப்படும். பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் காப்புரிமை பெற்ற துவக்கிலும், அதன் வழிவந்த வின்செஸ்டர் 1866, 1873 மாதிரிகளிலும் தாங்குவது முழங்கால் போன்ற ஒரு மூட்டு. காலை நேராக நீட்டி நின்றால் பாரம் தாங்கும், மடக்கினால் விழுந்துவிடுவோம் அல்லவா, அதே தத்துவம். கைத்துப்பாக்கி அளவுத் தோட்டாவுக்கு அது போதும். பெரிய தோட்டாவுக்குப் போதாது. ஜோன் பிரௌனிங் வடிவமைத்த 1886 மாதிரியில் முழங்கால் போய், போல்ட்டின் இரு பக்கத்திலும் செங்குத்தாக ஏறி இறங்கும் இரண்டு தாழ்ப்பாள்கள் வந்தன, அதனால்தான் அது .45-70 போன்ற கனத்த தோட்டாவைத் தாங்கியது. அவரே வடிவமைத்த 1894 மாதிரியில் போல்ட்டின் பின்னால் ஒற்றைத் தடித்த கட்டை மேலெழுந்து பூட்டுகிறது. லீவரைத் திறக்கும்போது துவக்கின் அடித்தளமே கதவுபோலக் கீழே இறங்குவது இம்மாதிரியின் அடையாளம். தூரத்திலிருந்து பார்த்தாலும், 1886இன் சிறிய வடிவமான 1892 மாதிரியையும் 1894ஐயும் இதைக் கொண்டே பிரித்துச் சொல்லிவிடலாம்.

கற்கத் தொடங்குபவர்கள் இரண்டு பெயர்களில் இடறுவார்கள். பிரித்தானியப் படை 1871இல் ஏற்றுக்கொண்ட மார்டினி-ஹென்றித் துவக்குக்கும் அடியில் லீவர் உண்டு. ஆனால் அது ஒவ்வொரு முறையும் கையால் ஒரு தோட்டா இட்டுச் சுடும் ஒற்றைவெடித் துவக்கு. அதிலுள்ள ஹென்றி எடின்பரோ நகரின் அலெக்சாண்டர் ஹென்றி, அமெரிக்கரான டைலர் ஹென்றி அல்லர். இன்று கடைகளில் விற்கும் ஹென்றி ரைபிள்களைச் செய்யும் நிறுவனமோ 1996இல் தொடங்கப்பட்டது. பெயரைத் தவிரப் பழையவருடன் அதற்கு உறவு கிடையாது.

எந்த மாதிரிகளைப் படிப்பது

எல்லாவற்றையும் படிக்க முனைந்தால் ஒன்றும் மனதில் நில்லாது. நான் ஐந்தை மட்டும் பரிந்துரைப்பேன்.

ஹென்றியையும் 1866ஐயும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஹென்றியின் மகசினில் 16 தோட்டாக்கள் கொள்ளும். ஆனால் அவற்றை முன்முனையைத் திறந்து இட வேண்டும். மகசின் குழாயின் அடியில் நீள வெட்டு இருப்பதால் மண்ணும் தூசியும் உள்ளே போகும். முன்கைப் பிடிக்கு மரமும் இல்லாததால் சில வெடிகளிலேயே குழல் கையைச் சுடும். சட்டை உற்பத்தியாளராயிருந்து துவக்குத் தொழிலுக்கு வந்த ஒலிவர் வின்செஸ்டரின் நிறுவனம் 1866இல் இந்த மூன்று குறைகளையும் ஒன்றாகத் தீர்த்தது. நெல்சன் கிங் என்பவர் துவக்கின் வலப்பக்கத்தில் வில் வைத்த ஒரு சிறு ஏற்றுவாயை அமைத்தார். மகசின் குழாய் மூடப்பட்டது. முன்னால் மரம் வந்தது. அந்த ஏற்றுவாய் இன்றுவரை ஏறத்தாழ மாறவில்லை. 1873 மாதிரி இரும்பு உடலும் .44-40 தோட்டாவும் கொண்டு வந்து ஏழு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. புகழ் அதற்கே அதிகம் என்றாலும், கற்பதற்கு 1866 தான் கூடுதல் சுவை என்பது என் எண்ணம்.

மூன்றாவது 1894. இது கரிமருந்துத் தோட்டாக்களுடன் தொடங்கி, 1895இல் புகையில்லா மருந்தின் .30-30 தோட்டாவைப் பெற்றதும் வட அமெரிக்காவின் மான் வேட்டைத் துவக்காகவே ஆகிவிட்டது. எழுபது இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பத்து இலட்சமாவது துவக்கு 1927இல் அமெரிக்க அதிபர் கூலிஜுக்கு அளிக்கப்பட்டது. சேகரிப்பவர்கள் 1964 என்ற ஆண்டை ஒரு வரம்பாகக் கொள்வார்கள். அவ்வாண்டில் செலவைக் குறைக்கும் நோக்குடன் தூக்கி முதலிய பாகங்கள் தகட்டிலிருந்து அடித்து எடுக்கப்பட்டன, உடலின் உலோகமும் மாறியது. வரிசை எண் சுமார் 26 இலட்சத்துக்குக் கீழே இருந்தால் அது மாற்றத்துக்கு முந்தியது. முந்தியதற்கு விலை அதிகம். பிந்தியதும் அதே மானை அதே தூரத்தில் வீழ்த்தும் என்பதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள்.

நான்காவது மார்லின் 336. இது 1948இல் வந்தது. இதன் மேற்புறம் மூடியிருக்கும், கோது பக்கவாட்டில் வெளியேறும். வின்செஸ்டர் கோதை மேல்நோக்கி எறிந்ததால் அதன் தலைமேல் தொலைநோக்கி பொருத்த வழியில்லாதிருந்த காலத்தில், வயது போய்க் கண் மங்கிய வேட்டைக்காரர்கள் மார்லினிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஐந்தாவது சாவேஜ் 99. யமேக்காவின் கிங்ஸ்ரனில் பிறந்த ஆதர் சாவேஜின் ஆக்கம் இது. வெளியே குதிரை இல்லை; குழாய் மகசினும் இல்லை. உடலுக்குள் சுழலும் உருளை ஒன்றில் தோட்டாக்கள் அமர்கின்றன. இடப்பக்கத்துச் சிறு துளையில் எத்தனை மீதம் உள்ளன என்ற எண் தெரிகிறது. பழைய மாதிரிகளில் மட்டுமே இந்த எண் துளை இருக்கும் என்பதால், படங்களில் அதைத் தேடுவது நல்ல பயிற்சி. பெட்டி மகசின் கொண்ட வின்செஸ்டர் 1895ஐயும் ஒரு கண்ணோட்டம் விடுங்கள்: தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆபிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனவற்றில் ஒன்று அது, முதலாம் உலகப்போரில் ரஷ்யப் படைக்காக ஏறத்தாழ மூன்று இலட்சம் செய்யப்பட்டது.

இலங்கையில் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. நுவரெலியாவில் வாழ்ந்து யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 1855இல் இலங்கையை விட்டுப் போனபோது ஹென்றியின் துவக்கு பிறந்திருக்கவில்லை. பின்னால் வந்த தோட்டத் துரைமாரின் விருப்பமும் ஆங்கிலேய இரட்டைக்குழல் துவக்குகளிலேயே நின்றது.

கையில் எடுக்கும்போது

ஒன்ராறியோவில் மைத்துனரின் வீட்டில் நான் முதன்முதலாக ஒரு 1894ஐ வாங்கிப் பார்க்கக் கையை நீட்டியபோது அவர் தரவில்லை. "பொறு மச்சான், திறந்து காட்டிப்போட்டுத்தான் தருவன்" என்றார். அதுவே முதல் விதி. லீவரை முழுதும் திறந்து, குழலின் அறை வெறுமையா என்று பார்த்து, சிறுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். குழாய் மகசினில் ஒரு தோட்டா சிக்கி நிற்கக்கூடும் என்பதால், லீவரைப் பல தடவை இயக்கி, மகசினின் தள்ளுகட்டை பின்னால் வந்து நிற்பதைக் கண்ணால் காண வேண்டும். அதுவரை குழலின் வாய் பாதுகாப்பான பக்கம் பார்த்திருக்க, விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். கனடாவில் துவக்கை வைத்திருக்க உரிமம் வேண்டும். விருந்தினராகப் போகும் நீங்கள் உரிமம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

பிறகு திருகுகளைப் பாருங்கள். விலையையும் வரலாற்றையும் விட்டுவிட்டு நான் முதலில் திருகுத் தலைகளுக்குப் போவது, அவை பொய் சொல்லாதவை என்பதால்தான். வெட்டு விளிம்பு சிதைந்து, உலோகம் பிதுங்கியிருந்தால் பொருத்தமில்லாத திருகாணிச் சாவியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியாது. அடுத்தது எழுத்துகள். குழலில் பொறித்த எழுத்துகள் மங்கி, உடலின் விளிம்புகள் சவர்க்காரக் கட்டிபோல உருண்டு, திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம்போலக் குழிந்திருந்தால், மினுக்கித் திரும்ப, இரும்புக்குத் துருக்காப்பாக இடும் நீலச்சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அறியலாம். பழைய வெண்கலப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் வீட்டில் பாராட்டுக் கிடைக்கும். துவக்கில் அதே வேலை விலையைப் பாதியாக்கிவிடும். இயல்பாக மங்கிக் கபில நிறம் பாய்ந்த இரும்பே விரும்பத்தக்கது.

குழலின் உள்ளே ஒரு சிறு விளக்கைக் காட்டிப் புரிகளைப் பாருங்கள். கரிமருந்தும், தோட்டாவின் அடியில் அடிபட்டுத் தீ மூட்டும் சிறு மூடியான பிரைமரின் பழைய வகைகள் விட்டுச்செல்லும் உப்பும் துடைக்கப்படாமல் விடப்பட்ட குழல்களில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் இருக்கும். தழும்புள்ள குழலாலும் ஓரளவு நேராகச் சுடலாம், ஆனால் முனைக்கு அருகில் தழும்பிருந்தால் அதை நம்ப முடியாது. 1894இல் இன்னொரு சோதனை உண்டு: லீவரைச் சற்றே திறந்த நிலையில் வைத்தால் விசை அசையக்கூடாது, லீவரை மரத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தால்தான் அது விடுபட வேண்டும். குதிரையின் அரைநிலைப் பள்ளத்தையும் பாருங்கள். அரைநிலையில் நிறுத்திய குதிரை பெருவிரலால் தள்ளினாலும் விழக்கூடாது. குதிரையைச் சுடாமல் இறக்குவதைப் போலித் தோட்டாவோடு பலமுறை பழகாமல் மெய்த் தோட்டாவோடு செய்ய வேண்டாம். இவ்வகைத் துவக்கில் விபத்து நடக்க அதிகம் வாய்ப்புள்ள கணம் அதுதான்.

போலிகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். இத்தாலியின் உபேர்ட்டி நிறுவனம் 1860, 1866, 1873 மாதிரிகளை மிக நேர்த்தியாகப் படியெடுத்துச் செய்கிறது. அவர்கள் ஏமாற்றவில்லை, சொந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். பிறகு வரும் கைகளில்தான் பெயர் அழிகிறது. குழலின் அடியிலும் மர ஓரங்களிலும் இத்தாலியச் சோதனை முத்திரைகளைத் தேடுங்கள். மெய்யான பழைய வின்செஸ்டர் என்றால் அதன் வரிசை எண்ணைக் கொண்டு, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் கோடி நகரில் உள்ள துவக்கு அருங்காட்சியகத்திடம் கட்டணம் செலுத்தித் தொழிற்சாலைப் பதிவேட்டுக் கடிதம் பெறலாம். எல்லா ஆண்டுகளுக்கும் பதிவேடுகள் எஞ்சவில்லை என்றாலும், எந்தக் குழலோடு எந்த நாளில் வெளியே போனது என்று அக்கடிதம் சொல்லும்போது எழும் மகிழ்ச்சி, பூர்வீகக் காணி உறுதியில் பாட்டனாரின் கையெழுத்தைக் காண்பது போன்றது.

வேட்டையில் அது எதற்கு உதவும்

குழாய் மகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், பின்னிருக்கும் தோட்டாவின் முனை முன்னிருப்பதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூரிய முனையாயிருந்தால் அதிர்வில் அது வெடிக்கக்கூடும் என்பதாலேயே தட்டை முனைக் குண்டுகளை இடுகிறார்கள். தட்டை முனை காற்றில் விரைவாக வேகமிழக்கும். .30-30இன் 170 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11 கிராம் குண்டு, செக்கனுக்கு 670 மீற்றர் அளவில் புறப்பட்டாலும், 150 மீற்றருக்கு அப்பால் அதை நம்பி ஒரு மானை நோக்குவது முறையன்று என்பது என் துணிபு. வளையும் மென்முனை கொண்ட புதிய தோட்டாக்கள் இத்தூரத்தைச் சற்று நீட்டியுள்ளன. சாவேஜ் 99க்கு இந்தச் சிக்கலே இல்லை.

இக்குறையே இத்துவக்கின் கவர்ச்சியும் ஆகும். தூரத்து மலையிலிருந்து தொலைநோக்கியால் பார்த்துச் சுட முடியாததால், வேட்டைக்காரர் காற்றின் திசையை அறிந்து, காலடிச் சத்தத்தை அடக்கி, மிருகத்துக்கு அருகே போக வேண்டியிருக்கிறது. ஒன்ராறியோவின் அடர்ந்த காட்டில் மைத்துனர் சுட்டவை பெரும்பாலும் ஐம்பது மீற்றருக்கு உள்ளேதான். மூன்று கிலோ அளவே எடையுள்ள, தட்டையான, எங்கும் துருத்தாத துவக்கு அது. உடலின் நடுவே ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாள் முழுதும் நடக்கலாம். அங்கே மான் காலத்தில் துவக்கோடு வேட்டைக்குப் போகிறவர்கள் பளிச்சென்ற செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் அணிய வேண்டும். உடன் போனவனாகிய நானும் அணிந்தேன், துவக்கைத் தூக்கவில்லை. விருந்தினருக்கு அதுவே நல்லது. காத்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை அவர் குழலுக்குள் தோட்டா ஏற்றமாட்டார். மாலையில் லீவரை இயக்கித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போது குழலின் வாயை நிலத்துக்குத் திருப்பி, என்னையும் பின்னால் நிற்கச் சொல்லுவார். மான் இறைச்சிக்கு யாழ்ப்பாணக் கறித்தூள் சற்றுக் குறைவாகப் போட வேண்டும் என்பதும் அந்தப் பயணத்தில் கற்றதுதான்.

திரும்பி வரும்போது

நினைவுப்பொருள் என்ற பெயரில் தோட்டாவையோ பாகத்தையோ பயணப்பொதியில் வைக்க வேண்டாம். வெற்றுக் கோதில் செய்த சாவிக்கொத்து ஒன்றை நான் கொண்டுவந்து, விமான நிலையமொன்றில் ஒன்றரை மணி நேரம் விளக்கம் சொல்லி, சாவிக்கொத்தையும் இழந்து, அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓடியிருக்கிறேன். பழைய விலைப்பட்டியல்கள், விளம்பரத் தாள்கள், கையேடுகள், நீங்களே எடுத்த படங்கள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். தாள்களைக் கொழும்பின் ஈரக்காற்றில் திறந்த தட்டில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சணம் படரும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வையுங்கள்.

ஒரு குறிப்பேடும் வேண்டும். பார்த்த ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மாதிரி, தோட்டா, திருகுகளின் நிலை, விளிம்புகள், குழலின் உள், குறிகளின் வகை என்று எழுதுங்கள். வரிசை எண்ணை முழுதாக எழுத வேண்டாம், கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிடுங்கள். அது உரிமையாளரின் சொத்து.

இப்பழக்கம் இங்கிருந்தே பயன்படும். மைத்துனர் ஏதாவது ஒன்றை வாங்க நினைத்தால் படங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இரு பக்கமும் முழுத் தோற்றம், எல்லாத் திருகுத் தலைகளும் அருகில், குழலின் எழுத்துகள், குழல் முனை, லீவர் திறந்த நிலையில் அடித்தளம், மரம் இரும்போடு சேரும் விளிம்பு ஆகியவற்றை அனுப்பச் சொல்வேன். மரம் இரும்பைவிடத் தாழ்ந்திருந்தால் மரத்தைத் தேய்த்திருக்கிறார்கள்; மரத்தின் அளவுக்கு இரும்பு தாழ்ந்து விளிம்பும் உருண்டிருந்தால் இரண்டையும் தேய்த்திருக்கிறார்கள். கடந்த முறை வந்தது 1950களின் 1894 என்று சொல்லப்பட்ட ஒன்று. எழுத்துகள் கூர்மையாகவும் நீலச்சாயம் ஒரே சீராகவும் இருந்தன, விலையும் அதற்கேற்பவே இருந்தது. ஆனால் தூக்கியின் படத்தை மட்டும் விற்பவர் அனுப்பவில்லை. மறுபடி கேட்டபோது வந்த படத்தில் தகட்டிலிருந்து அடித்தெடுத்த தூக்கி தெரிந்தது. மைத்துனர் அந்தக் கிழமை ஒன்றும் வாங்கவில்லை.